கம்பெனி வாய் திறக்கும் இடம்

'தி கார்ப்பரேஷன்' என்ற கனடிய ஆவணப்படத்தில் (2003) ஒரு காட்சி வருகிறது. ஷெல் எண்ணெய் நிறுவனத்தின் தலைவராக இருந்த மார்க் மூடி-ஸ்டூவர்ட்டின் வீட்டுக்குச் சூழலியல் போராட்டக்காரர்கள் வந்து, 'கொலைகாரர்கள்' என்று எழுதிய பதாகையை விரிக்கிறார்கள். மூடி-ஸ்டூவர்ட்டும் அவர் மனைவியும் வெளியே வந்து அவர்களோடு புல்தரையில் உட்கார்ந்து பேசுகிறார்கள்; தேநீர் கொடுக்கிறார்கள். பால் அருந்தாதவர்களுக்குத் தர சோயா பால் இல்லையே என்று அந்த அம்மாள் வருந்துகிறார். சூழல் கெடுவது பற்றித் தங்களுக்கும் கவலை உண்டு என்கிறார்கள். அவர்கள் நடிக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. படம் அங்கிருந்து நைஜீரியாவுக்கு நகர்கிறது. நைஜர் கழிமுகத்தில் ஷெல் உள்ளிட்ட நிறுவனங்கள் எண்ணெய் எடுத்த நிலத்துக்காகப் போராடிய எழுத்தாளர் கென் சாரோ-விவாவையும் வேறு எட்டுப் பேரையும் அந்நாட்டு ராணுவ அரசு 1995 நவம்பர் 10 அன்று தூக்கிலிட்டது. தனக்கு அதில் பங்கில்லை என்றே ஷெல் சொல்லிவந்தது. 2009இல், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல், 1.55 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது.

தேநீர் கொடுத்தவர் நல்லவராக இருக்கலாம். அவர் தலைமை வகித்த நிறுவனம் செய்ததை அந்த நல்ல குணம் மாற்றிவிடவில்லை. அப்படியென்றால் கேமராவை யார் பக்கம் திருப்புவது? முதலாளித்துவத்தை விமர்சிக்கும் ஆவணப்படம் ஒவ்வொன்றும் முட்டிக்கொள்ளும் கேள்வி இது. சட்டம் நிறுவனத்துக்கு ஒரு நபருக்குரிய உரிமைகளைத் தருகிறது. அது சொத்து வாங்கலாம், வழக்குப் போடலாம். ஆனால் படம் எடுக்க அதற்கு முகம் இல்லை.

பாதிக்கப்பட்டவருக்கு முகம் உண்டு. அவர் வீட்டு வாசலில் காவலாளி இல்லை. பேட்டிக்கு அனுமதி கேட்டு மக்கள் தொடர்புத் துறைக்கு எழுத வேண்டியதில்லை. ஆகவேதான் இந்த வகைப் படங்களில் பெரும்பாலானவை ஏழையின் துயரத்தை மிக நெருக்கத்திலும், அந்தத் துயரத்துக்குக் காரணமானவர்களை ஒரு கட்டடத்தின் பெயர்ப்பலகையாக மட்டும் தூரத்திலிருந்தும் காட்டுகின்றன. பார்ப்பவர் கலங்குவார். கம்பெனிக்கு ஒன்றும் ஆகாது.

இது இன்று நேற்று வந்த பழக்கமில்லை. ஆவணப்படம் என்ற வடிவமே நிறுவனங்களின் பணத்தில் வளர்ந்தது. ராபர்ட் ஃப்ளாஹர்ட்டியின் 'நானூக் ஆஃப் தி நார்த்' (1922) படத்துக்கு ரெவியோன் என்ற பிரெஞ்சு மென்மயிர்த்தோல் வணிக நிறுவனம் பணம் போட்டது. அவருடைய 'லூசியானா ஸ்டோரி' (1948) நியூஜெர்சியின் ஸ்டாண்டர்ட் ஆயில் பணத்தில் உருவானது. லண்டன் குடிசைவாசிகள் கேமராவை நேராகப் பார்த்துத் தங்கள் வீட்டின் எலித்தொல்லையைப் பற்றியும் மூட்டைப்பூச்சியைப் பற்றியும் பேசிய 'ஹவுசிங் ப்ராப்ளம்ஸ்' (1935), ஏழை தன் வாயால் பேசிய முதல் படங்களில் ஒன்று என்று பாராட்டப்படுகிறது. அதற்குப் பணம் கொடுத்தது பிரிட்டிஷ் எரிவாயு வணிகர் சங்கம். புது வீடு கட்டினால் எரிவாயு அடுப்பு விற்கும். குடிசைவாசி பேசுகிறார், வீட்டுக்காரர் எங்கும் வந்து பதில் சொல்வதில்லை.

தமிழ் வாசகருக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் பேசில் ரைட்டின் 'சாங் ஆஃப் சிலோன்' (1934). இலங்கைத் தேயிலைப் பிரச்சார வாரியத்தின் பணத்தில் எடுக்கப்பட்டு, உலகத் திரைப்பட வரலாற்றில் இடம்பிடித்த படம். அதன் மூன்றாம் பகுதியில் உழைக்கும் உடல்களின் மேல் சந்தை விலைகள், தந்தி வாசகங்கள், வணிகக் கடிதங்கள் எல்லாம் குரல்களாக ஒலிக்கின்றன. வணிகம் எப்படி இயங்குகிறது என்று காதால் கேட்க வைத்த அபூர்வமான பகுதி அது. ஆனால் படத்தின் விவரணையில் பெரும்பகுதி 1681இல் வெளிவந்த ராபர்ட் நாக்ஸின் நூலிலிருந்து எடுத்தது. அந்த நூல் எழுதப்பட்டபோது இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டம்கூட இல்லை. தமிழ்நாட்டிலிருந்து தோட்டக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களும் இல்லை. தேயிலை விற்கப் பணம் கொடுத்தவர்களின் படத்தில், தேயிலை பறித்தவர்களைப் பற்றிப் பேச முடியாத ஒரு குரல் கதை சொன்னது.

இந்தப் பழக்கத்தை உடைத்தவர்களில் பார்பரா கோப்பிளை முதலில் வைப்பேன். கென்டக்கி மாநிலத்தின் ஹார்லன் மாவட்டத்தில் புரூக்சைடு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் 1973இல் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். சுரங்கத்தை நடத்தியது ஈஸ்ட்ஓவர் கம்பெனி. அதன் உடைமையாளர் வட கரோலினாவின் டியூக் பவர் என்ற மின் நிறுவனம். கோப்பிளின் குழு அந்தக் குடும்பங்களோடே தங்கிப் படமெடுத்தது. மறியலில் நிற்போரின் எண்ணிக்கையை நீதிமன்றம் கட்டுப்படுத்தியபோது வீட்டுப் பெண்கள் சாலையில் இறங்கினார்கள். விடியலுக்கு முன் அடியாட்கள் சுட்டார்கள். படக்குழுவும் அடிபட்டது. கேமராவில் ஃபிலிம் தீர்ந்த நாட்களிலும் கேமராவைத் தூக்கிக்கொண்டு நின்றோம், அது நிற்பதே வன்முறையைக் குறைத்தது என்று கோப்பிள் பின்னாளில் சொல்லியிருக்கிறார். இளம் தொழிலாளி ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான் 1974 ஆகஸ்டில் கம்பெனி ஒப்பந்தத்துக்கு இறங்கி வந்தது. 'ஹார்லன் கவுன்டி, யுஎஸ்ஏ' (1976) சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது.

துப்பாக்கியோடு வரும் அடியாளைக் காட்டியதற்காக மட்டும் நான் இந்தப் படத்தை மதிக்கவில்லை. தொழிலாளர்கள் நியூயார்க்குக்குப் போய், பங்குச் சந்தைப் பகுதியில் டியூக் பவர் பங்குகளை வாங்காதீர்கள் என்று பதாகை பிடிக்கும் பகுதி இருக்கிறதே, அதற்காக. அங்கே ஒரு சுரங்கத் தொழிலாளியும் ஒரு போலீஸ்காரரும் தங்கள் சம்பளத்தையும் சலுகைகளையும் ஒப்பிட்டுப் பேசிக்கொள்கிறார்கள். சுரங்கத் தொழிலாளி செய்யும் வேலை எவ்வளவு ஆபத்தானது, அதற்கு எவ்வளவு குறைவாகக் கிடைக்கிறது என்பது அந்தத் தெருவோரப் பேச்சில் எளிதாக விளங்கிவிடுகிறது. அடியாளுக்குப் பின்னால் கம்பெனி, கம்பெனிக்குப் பின்னால் இன்னொரு கம்பெனி, அதற்கும் பின்னால் பங்கு வைத்திருப்போர். இந்த ஏணியில் கேமரா ஏறிப் பார்க்கிறது.

மைக்கேல் மூரின் 'ரோஜர் அண்ட் மீ' (1989) அதே ஏணியில் நேராக உச்சிக்கு ஓட முயல்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் தன் பிறப்பிடமான மிச்சிகன் மாநிலத்து ஃபிளின்ட் நகரில் ஆலைகளை மூடியது. சுமார் 30,000 வேலைகள் போயின என்கிறது படம். நிறுவனத் தலைவர் ரோஜர் ஸ்மித்தை ஃபிளின்டுக்கு அழைத்துவந்து காட்ட வேண்டும் என்று மூர் தேடி அலைகிறார். தலைமையகம், கிளப்புகள், பங்குதாரர் கூட்டம் என்று ஒவ்வொரு கதவாகத் தட்டுகிறார். அவருக்குக் கிடைப்பவர்கள் காவலாளிகள், வரவேற்பாளர்கள், செய்தித் தொடர்பாளர், வாடகை கட்டாதவர்களை வீட்டைவிட்டு வெளியேற்றும் துணை ஷெரிஃப். அதிகாரத்தின் முகத்தைத் தேடிப் போனவர் அதைச் சுற்றி நிற்கும் சம்பளக்காரர்களின் முகங்களைத் தொகுத்துக்கொண்டு வந்தார். அதுவே பெரிய கண்டுபிடிப்பு. ஸ்மித் கிறிஸ்துமஸ் உரை ஆற்றுவதையும், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் ஒரு குடும்பத்தின் சாமான்கள் தெருவில் வைக்கப்படுவதையும் மாற்றி மாற்றிக் காட்டும் படத்தொகுப்பை மறப்பது கடினம்.

ஆனால் மூர் நிகழ்ச்சிகளின் வரிசையைக் கலைத்துப் போட்டிருந்தார். 'ஃபிலிம் காமென்ட்' இதழில் ஹார்லன் ஜேக்கப்சன் அதை எடுத்துக் காட்டினார். ஆலை மூடலுக்குப் பின் நகரம் செய்த அசட்டு முயற்சிகளாகப் படத்தில் வருபவற்றில் சில, அந்த மூடல்களுக்கு முன்பே நடந்து முடிந்தவை. மூரின் ஆதரவாளர்கள் இதைப் பொடி விஷயம் என்பார்கள். எனக்கு அப்படிப்படவில்லை. எதிரியிடம் வழக்கறிஞர் படை இருக்கிறது. தேதியில் விடும் ஒரு பிழை, உண்மையான 30,000 பேரின் கதையை மூரின் நாணயம் பற்றிய விவாதமாக மாற்றிக் கொடுத்துவிட்டது. அந்த வாய்ப்பை அவர் கொடுத்திருக்கக் கூடாது.

'தி கார்ப்பரேஷன்' வேறு வழியில் போனது. மார்க் ஆக்பார், ஜெனிஃபர் ஆபட் இருவரும் இயக்க, சட்டப் பேராசிரியர் ஜோயல் பேக்கன் எழுதிய படம். அமெரிக்க அரசியல் சட்டத்தின் 14ஆம் திருத்தம், விடுதலை பெற்ற கறுப்பின மக்களைக் காக்க 1868இல் வந்தது. பிறகு அதையே தங்கள் கவசமாக்கிக்கொண்டவை கம்பெனிகள். 1890க்கும் 1910க்கும் இடையில் அந்தத் திருத்தத்தின் கீழ் வந்த 307 வழக்குகளில் 288 கம்பெனிகள் போட்டவை, 19 மட்டுமே கறுப்பின மக்கள் போட்டவை என்று படம் கணக்குச் சொல்கிறது. இத்தனை செறிவாகச் சட்ட வரலாற்றைச் சொல்லும் படம் அரிது. அடுத்து, கம்பெனி ஒரு நபர் என்றால் அது எப்படிப்பட்ட நபர் என்று கேட்டு, உளவியல் அறிஞர் ராபர்ட் ஹேரின் உதவியோடு அதற்கு மனநோய்ப் பட்டியல் போடுகிறது. அரங்கில் கைதட்டல் வாங்கும் உத்திதான். என் குறை இதுதான்: நோய் என்று சொன்னதும் சட்டம் செய்த ஏற்பாடு இயற்கையான குணக்கேடுபோல ஆகிவிடுகிறது. லாபத்தை முதலில் வை, பங்குதாரரின் பொறுப்பை அவர் போட்ட பணத்தோடு நிறுத்து என்று விதி எழுதியவர்கள் மனிதர்கள். அந்த விதியை மாற்றவும் மனிதர்களால் முடியும்.

இன்னொரு வழி, பொருளைப் பின்தொடர்வது. பிரேசில் இயக்குநர் ஜார்ஜ் ஃபுர்ட்டாடோவின் 'பூக்களின் தீவு' (1989) பதின்மூன்று நிமிடப் படம். ஒரு தக்காளி தோட்டத்திலிருந்து சூப்பர் மார்க்கெட்டுக்கும், அங்கிருந்து ஒரு வீட்டுச் சமையலறைக்கும், குப்பைக்கும், போர்ட்டோ அலெக்ரே நகரின் குப்பை மேட்டுக்கும் போகிறது. அங்கே முதலில் பன்றிகளுக்கு. பன்றிகள் ஒதுக்கியதை எடுத்துக்கொள்ள ஏழைகளுக்கு ஐந்து நிமிட அவகாசம். ஒரு முதலாளியின் பெயரைக்கூடச் சொல்லாமல், சந்தை மனிதர்களை எந்த இடத்தில் வரிசைப்படுத்துகிறது என்று காட்டிவிடுகிறார். ஹூபர்ட் சாபரின் 'டார்வின்'ஸ் நைட்மேர்' (2004) விக்டோரியா ஏரியின் மீன் ஐரோப்பாவுக்குப் பறக்கும் வழியைப் பின்தொடர்கிறது. சதை விமானத்தில் ஏறுகிறது. எலும்புக்கூடு உள்ளூர்க்காரர்களுக்கு மிஞ்சுகிறது.

இவை அனைத்தையும் பார்த்த பிறகு எனக்கு ஒரு முடிவு திரண்டிருக்கிறது. கம்பெனியைப் பேசவைக்கும் பலம் கேமராவுக்குக் கிடையாது. கூப்பிட்டால் அது வராது. வந்தால் பயிற்சி பெற்ற செய்தித் தொடர்பாளராக வரும். அது உண்மையாகவே பேச வேண்டியிருப்பது சட்டம் கட்டாயப்படுத்தும் இடங்களில் மட்டும்: நீதிமன்றம், நாடாளுமன்றக் குழு, ஒழுங்குமுறை ஆணையம், பங்குதாரர் கூட்டம். அந்த இடங்களுக்குள் எப்படியாவது நுழைந்த படங்களே அதிகாரத்தைக் கண்ணால் காணும்படி செய்திருக்கின்றன.

பிரிட்டனின் 'மெக்லைபல்' கதையை எடுத்துக்கொள்வோம். லண்டனில் ஒரு சிறு குழு மெக்டொனால்ட்ஸைக் கண்டித்து 1986இல் துண்டறிக்கை விநியோகித்தது. 1990இல் கம்பெனி அவதூறு வழக்குப் போட்டது. மற்றவர்கள் மன்னிப்புக் கேட்டு விலக, ஹெலன் ஸ்டீல், டேவ் மோரிஸ் இருவர் மட்டும் மறுத்தார்கள். அவதூறு வழக்குக்கு அரசின் சட்ட உதவி கிடையாது. தங்கள் வழக்கைத் தாங்களே நடத்தினார்கள். விசாரணை 313 நாட்கள் நடந்தது. ஆங்கிலச் சட்ட வரலாற்றிலேயே மிக நீண்டது. பிறர் வாயை அடைக்கப் போட்ட வழக்கு, கம்பெனியின் உயரதிகாரிகளைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியது. விளம்பரம், கூலி, உணவு, கால்நடை என ஒவ்வொன்றைப் பற்றியும் சத்தியப் பிரமாணம் செய்து அவர்கள் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. 1997 தீர்ப்பில் இருவரும் பல விஷயங்களில் தோற்றார்கள். ஆனால் கம்பெனி விளம்பரத்தால் குழந்தைகளைச் சுரண்டுகிறது, விலங்குகள் கொடுமைக்குள்ளாவதற்குப் பொறுப்பாகிறது, குறைந்த கூலி தருகிறது என்பவற்றில் உண்மை உண்டு என்று நீதிபதியே எழுதினார். இந்த இருவருக்கு நியாயமான விசாரணையும் கருத்துரிமையும் மறுக்கப்பட்டன என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2005இல் சொன்னது.

ஃபிரானி ஆர்ம்ஸ்ட்ராங் இதைப் படமாக்கினார். அன்று ஆங்கில நீதிமன்றத்துக்குள் கேமரா போக முடியாது. ஆகவே நீதிமன்றப் பதிவேட்டில் இருந்த சொற்களை அப்படியே நடிகர்களைக் கொண்டு பேசவைத்தார்; அந்தக் காட்சிகளை இயக்கிக் கொடுத்தவர் கென் லோச். அவதூறு வழக்குக்கு அஞ்சிப் பிரிட்டிஷ் தொலைக்காட்சி நிறுவனங்கள் முதலில் படத்தை ஒளிபரப்ப மறுத்தன. அவதூறு வழக்கைப் பற்றிய படத்தை அவதூறு வழக்குப் பயத்தால் மூடிவைத்தார்கள். முழுநீளப் படம் 2005இல் வந்தது.

அலெக்ஸ் கிப்னியின் 'என்ரான்: தி ஸ்மார்ட்டஸ்ட் கைஸ் இன் தி ரூம்' (2005) படத்தின் ஆன்மா அதன் ஒலிநாடாக்களில் இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் தாபோல் மின் நிலையத்தால் இந்தியா அறிந்த கம்பெனிதான் என்ரான். 2000, 2001ஆம் ஆண்டுகளில் கலிஃபோர்னியா மின்வெட்டில் தவித்தபோது, என்ரானின் மின் வியாபாரிகள் தொலைபேசியில் சிரித்துப் பேசிக்கொள்கிறார்கள். ஒரு காரணம் கண்டுபிடித்து மின் நிலையத்தை நிறுத்து என்று ஒருவர் கேட்கிறார். வியாபாரப் பேச்சுகளைக் கம்பெனியே வழக்கமாகப் பதிவுசெய்து வைத்திருந்தது. என்ரானோடு வழக்காடிய, வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்னோஹோமிஷ் மாவட்டப் பொது மின் வாரியம் அவற்றை வெளிக்கொண்டுவந்தது. எந்தப் பேட்டியாளரும் பெற முடியாத வாக்குமூலம் அது. எந்தக் குரூரமும் இல்லாத சாதாரண அலுவலகக் குரலில், ஒரு மாநிலத்தின் இருட்டை அவர்கள் விலை பேசுகிறார்கள். கேட்கும்போது எனக்கு உடல் நடுங்கியது.

சார்லஸ் ஃபெர்குசனின் 'இன்சைட் ஜாப்' (2010) 2008 நிதி நெருக்கடியைப் பற்றியது. பேட்டிக்கு மறுத்த வங்கியாளர்களின் பெயர்கள் திரையில் ஒன்றன்பின் ஒன்றாக எழுதப்படுகின்றன. அவர்கள் பேசுவது விசாரணைகளில்தான், குறிப்பாக அமெரிக்க செனட்டின் விசாரணைக் குழு முன், செனட்டர் கார்ல் லெவின் கோல்ட்மேன் சாக்ஸின் உள் மின்னஞ்சல்களை அவர்களிடமே வாசித்துக் காட்டும்போது. பேட்டி கொடுத்தவர்களில் ஃபெர்குசன் மிகவும் நெருக்கியது பொருளியல் பேராசிரியர்களை. ஃபிரெடரிக் மிஷ்கின் 2006இல் ஐஸ்லாந்தின் நிதி நிலைத்தன்மையைப் பாராட்டி ஓர் அறிக்கையின் ஆசிரியர்களில் ஒருவரானார். அதற்கு ஐஸ்லாந்து வணிக சபையிடம் 1,24,000 டாலர் பெற்றார். கொலம்பியா வணிகப் பள்ளியின் அன்றைய தலைவர் கிளென் ஹப்பர்டிடம் அவர் பணம் பெறும் நிறுவனங்களைப் பற்றிக் கேட்டதும் அவர் கோபப்பட்டு, இன்னும் மூன்று நிமிடம்தான் என்று நேரம் குறிக்கிறார். இந்தப் பகுதிக்கு ஒரு விளைவு இருந்தது. யாரிடம் பணம் பெற்றோம் என்பதை ஆய்வுக் கட்டுரையாளர்கள் வெளிப்படுத்த வேண்டும் என்று அமெரிக்கப் பொருளியல் சங்கம் 2012 ஜனவரியில் விதி கொண்டுவந்தது. அதற்கு இந்தப் படமும் ஒரு காரணம். சிறையில் ஒரு வங்கித் தலைவரும் இல்லை என்று ஃபெர்குசன் ஆஸ்கர் மேடையில் சொன்னார். ஆனால் ஒரு துறையின் ஒழுக்க விதி மாறியது. ஒரு படம் சாதித்ததாகத் தேதியோடு சுட்டிக்காட்டக் கூடியவை மிகச் சில, இது அதிலொன்று.

இந்த வழியின் ஆபத்தை மறைத்து எழுதினால் நேர்மையாக இருக்காது. கம்பெனியைப் பேசவைக்கும் சட்டம், படமெடுப்பவரையும் பேசவைக்கும். ஜோ பெர்லிங்கரின் 'க்ரூட்' (2009) ஈக்வடார் மழைக்காட்டில் டெக்சாகோ விட்டுச்சென்ற எண்ணெய்க் கழிவையும், அதை எதிர்த்த மக்களின் வழக்கையும் பற்றியது. டெக்சாகோவை 2001இல் வாங்கிய செவ்ரான், படத்தில் சேர்க்காமல் விட்ட 600 மணிநேர ஃபுட்டேஜும் தனக்கு வேண்டும் என்று கேட்டது. 2010 மே மாதம் நியூயார்க் நீதிபதி லூயிஸ் கப்லான் ஒப்படைக்க உத்தரவிட்டார். மேல்முறையீட்டு நீதிமன்றம் பெரும்பகுதியைக் கொடுக்கவைத்தது. பத்திரிகையாளருக்குரிய பாதுகாப்பு பெர்லிங்கருக்கு ஏன் கிடைக்கவில்லை என்பதற்கு அந்த நீதிமன்றம் சொன்ன காரணத்தை ஒவ்வொரு ஆவணப்படக்காரரும் படிக்க வேண்டும்: வாதிகளின் வழக்கறிஞர் கேட்டுக்கொண்டதன்பேரில் அவர்கள் கோணத்திலிருந்து சொல்ல எடுத்த படம் இது, அவர்கள் கேட்டபோது ஒரு காட்சி நீக்கவும் பட்டது, ஆகவே இவர் தனித்து நின்றவர் என்று நிறுவவில்லை. அந்த ஃபுட்டேஜே வழக்கறிஞர் ஸ்டீவன் டான்சிகருக்கு எதிரான சாட்சியமானது. ஈக்வடார் நீதிமன்றங்கள் செவ்ரானுக்கு விதித்த சுமார் 950 கோடி டாலர் இழப்பீடு மோசடியால் பெறப்பட்டது என்று கப்லான் 2014இல் தீர்ப்பளித்தார். டான்சிகர் வழக்கறிஞர் உரிமத்தை இழந்தார். வீட்டுக் காவலிலும் இருந்தார். காட்டில் கிடக்கும் எண்ணெய்க் குட்டைகளைப் பற்றிய கேள்வி அமெரிக்க நீதிமன்றத்தில் பின்னுக்குப் போய்விட்டது. அநீதியின் பக்கம் நிற்காதவர் அநீதிக்கு எதிரான வழக்கறிஞரின் பக்கம் நிற்கத்தானே செய்வார் என்று தோன்றும். தோளோடு தோள் நிற்கலாம். படத்தொகுப்பு மேசையில் அவருக்கு நாற்காலி போடக் கூடாது. பெர்லிங்கர் செய்த ஒரு விட்டுக்கொடுப்புக்கு ஈக்வடார் மக்கள் கொடுத்த விலை மிகப் பெரிது.

ஃபிரெட்ரிக் கெர்டனுக்குக் கொஞ்சம் நல்ல முடிவு வாய்த்தது. நிகரகுவா வாழைத் தோட்டத் தொழிலாளர்கள் பூச்சிக்கொல்லியால் மலடாகிப்போனதைப் பற்றிய அவருடைய 'பனானாஸ்!' 2009 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸ் விழாவில் திரையிடப்பட்டதும் டோல் நிறுவனம் வழக்குப் போட்டது. ஸ்வீடன் நாடாளுமன்றத்தில் படம் திரையிடப்பட்டது. அந்நாட்டு ஹாம்பர்கர் கடைச் சங்கிலி ஒன்று டோலைக் கேள்வி கேட்டது. அக்டோபரில் டோல் வழக்கைத் திரும்பப் பெற்றது.

இந்தியாவுக்கு வருவோம். போபால் விஷவாயுப் பேரழிவைப் பற்றித் தபன் போஸ், சுஹாசினி முலே, சலீம் ஷேக் மூவரும் எடுத்த 'போபால்: பியாண்ட் ஜெனோசைட்' 1986இன் சிறந்த கதைசாராப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. விருது கொடுத்த அரசின் தூர்தர்ஷன் அதை ஒளிபரப்ப மறுத்தது. படம் காலாவதியாகிவிட்டது, அதில் நிதானம் இல்லை, இழப்பீட்டு வழக்கு நிலுவையில் இருக்கிறது என்று காரணங்கள் அடுக்கப்பட்டன. 1992 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இவற்றைத் தள்ளிவிட்டு, கருத்துரிமையின் பேரில் ஒளிபரப்பச் சொன்னது. ஆவணப்பட உரிமைக்கு இந்தியாவில் கிடைத்த முக்கியமான தீர்ப்புகளில் ஒன்று இது.

ஆனால் அந்தப் படத்தில், விஷவாயு கசிந்த ஆலைக்குப் பின்னால் இருந்த யூனியன் கார்பைடின் முகம் எங்கிருந்து வந்திருக்க முடியும்? இந்திய அரசு நியூயார்க்கில் போட்ட வழக்கை நீதிபதி ஜான் கீனன் 1986 மே மாதம் இந்தியாவுக்கே திருப்பி அனுப்பினார். அமெரிக்க நீதிமன்றத்தில் முழு விசாரணை நடந்திருந்தால், கம்பெனியின் உள் ஆவணங்களை எதிர்த்தரப்புக்குக் காட்ட வேண்டியிருந்திருக்கும். அதிகாரிகள் சத்தியம் செய்து சாட்சி சொல்ல வேண்டியிருந்திருக்கும். இங்கே வழக்கு 1989 பிப்ரவரியில் 47 கோடி டாலருக்குச் சமரசமாக முடிந்தது. நஷ்ட ஈட்டு விசாரணையே நடக்கவில்லை. நிறுவனத் தலைவர் வாரன் ஆண்டர்சன் 1984 டிசம்பர் 7 அன்று போபாலில் கைதாகி அன்றே பிணையில் வெளியேறினார். 1992இல் தலைமறைவானவர் என்று போபால் நீதிமன்றம் அறிவித்தது. 2014இல் ஃபுளோரிடாவில் இறக்கும்வரை அவர் இந்திய நீதிமன்றம் எதிலும் நின்று பதில் சொல்லவில்லை. போபாலைப் பற்றிய படங்களில் பார்வையிழந்த கண்களையே திரும்பத் திரும்பப் பார்க்கிறோம் என்றால், அது இயக்குநர்களின் கற்பனை வறட்சியால் இல்லை. கம்பெனி பேச வேண்டிய இடமே அவர்களுக்குக் கிடைக்காமல் செய்யப்பட்டது.

தமிழ்நாட்டில் இதன் வேறொரு வடிவத்தைப் பார்த்தோம். 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நடந்த ஊர்வலத்தில் போலீஸ் தடியடி நடத்த, தாமிரபரணியில் 17 பேர் மாண்டார்கள். ஆர்.ஆர். சீனிவாசனின் 'நதியின் மரணம்' அந்த நாளின் சாட்சியமாக நிற்கிறது; அந்தப் படம் இல்லாவிட்டால் அரசு சொன்ன கதையே வரலாறாகியிருக்கும். அதன் பின் நம் நினைவில் பதிந்தது போலீஸும் ஆட்சியாளர்களும். தோட்டத்தைக் குத்தகைக்கு வைத்திருந்த பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. சண்டை தொடங்கியது கூலியில். தடி எடுத்தவர் முன்னால் வந்ததும் கூலி கொடுப்பவர் சட்டகத்தைவிட்டு வெளியே போய்விட்டார்.

இங்கே வாசல் இப்போது கொஞ்சம் திறந்திருக்கிறது. 2020க்குப் பின் நிறுவனங்கள் பல தங்கள் ஆண்டுக் கூட்டங்களைக் காணொலி வழியாக நடத்துகின்றன. ஒரு பங்கு வைத்திருப்பவரும் பெயர் கொடுத்துவிட்டுக் கேள்வி கேட்கலாம். படத்தில் மூருக்குப் பங்குதாரர் கூட்டத்தில் மறுக்கப்பட்டது மதுரையில் இருக்கும் ஓர் இளம் இயக்குநருக்கு மடிக்கணினியில் கிடைக்கிறது. உச்ச நீதிமன்றம் 2018இல் நேரலைக்கு அனுமதி தந்து, 2022 செப்டம்பர் முதல் அரசியல் சாசன அமர்வுகளை நேரலையில் காட்டுகிறது. பல உயர் நீதிமன்றங்களும் காட்டுகின்றன. கம்பெனி வழக்கறிஞர்கள் என்ன வாதிடுகிறார்கள், நீதிபதி கேட்டதும் எங்கே தடுமாறுகிறார்கள் என்பதை வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

பார்க்கத்தான் முடியும். உச்ச நீதிமன்றத்தின் மின்னணுக் குழு 2021இல் வெளியிட்ட மாதிரி நேரலை விதிகள், அனுமதியின்றி யாரும் அந்த ஒளிப்பதிவை எடுக்கவோ பரப்பவோ கூடாது என்கின்றன. செய்திக்கும் கல்விக்கும் நீதிமன்றம் அனுமதித்துக் கொடுக்கும் பதிவைக்கூட மேற்கொண்டு வெட்டவோ தொகுக்கவோ கூடாது. வணிக நோக்கத்துக்குப் பயன்படுத்தவும் கூடாது. பல உயர் நீதிமன்றங்கள் இதையொட்டியே விதி வகுத்திருக்கின்றன. வழக்கறிஞரின் ஒரு வாக்கியத்தை வெட்டிக் கேலிப்படமாக்குவதைத் தடுப்பது நியாயமான நோக்கம்தான். ஆனால் வெட்டித் தொகுக்காமல் ஆவணப்படம் கிடையாது. தடை மொத்தமாக இருக்கும்வரை, தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலை வழக்கு போன்ற ஒன்றில் கம்பெனியின் தரப்பு நீதிமன்றத்தில் சொன்னதை அதன் குரலிலேயே படத்தில் வைக்க ஓர் இயக்குநருக்கு எளிய வழி இல்லை. ஆர்ம்ஸ்ட்ராங் செய்ததுபோல நடிகர்களை வைத்துப் பேசவைக்க வேண்டும். முழு விசாரணையின் இணைப்பையும் கூடவே கொடுக்க வேண்டும், பொருள் திரியும்படி வெட்டினால் பொறுப்பேற்க வேண்டும் என்ற நிபந்தனைகளோடு ஆவணப்படத்துக்கு விலக்குக் கேட்கலாம். தணிக்கைக்கு எதிராகப் பல பத்தாண்டுகள் நீதிமன்றம் ஏறிய இந்திய ஆவணப்பட இயக்கம் அடுத்து ஏற வேண்டிய படி இந்த விதி என்று நினைக்கிறேன்.